தேசிக்காய் வைத்தவன்

மூவாயிரத்து எழுநூற்று எண்பது டொலர். சிவசோதிக்கு நான் கொடுக்க வேண்டியிருந்த காசு அது. பதினெட்டு நாள் வேலை, நாளுக்கு இருநூற்றுப் பத்து. நாலு வருடமாக இந்தத் தொகையை நான் வாய் திறந்து யாருக்கும் சொன்னதில்லை. மனைவி பிரியந்தினிக்குக்கூட "கொஞ்சக் காசு" என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

அந்தக் காசு என்னிடம் எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால், ஒரு மனிதன் விளையாட்டு மைதானத்துக்குப் போக ஏன் பயப்பட்டான் என்பது விளங்காது.

பரமட்டாவில் ஆற்றங்கரைப் பக்கம் பேஸ்போல் மைதானம் கட்டத் தொடங்கிய காலம். ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு கொம்பனி மூலம் எனக்கு அங்கே கம்பி கட்டும் வேலை கிடைத்தது. கொங்கிரீட் ஊற்றுவதற்கு முன் தரையில் கம்பிகளைப் பரப்பி, சந்திக்கிற இடமெல்லாம் மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்ட வேண்டும். நாள் முழுக்கக் குனிந்தபடி நிற்க வேண்டும். நாலு நாள் போனேன். ஐந்தாம் நாள் காலை கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. முதுகு பிடித்துவிட்டது.

கொம்பனிக்குச் சொன்னால் பெயரை வெட்டிவிட்டு வேறு ஆளை எடுப்பார்கள். அந்த நேரம் சிவசோதி பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, நாலு பேரோடு ஓர் அறையில் இருந்தான். அவனும் என்னைப்போல வள்ளத்தில் கடல் கடந்து அகதியாக வந்தவன். எனக்கு வேலை செய்ய அனுமதி இருந்தது, அவனுக்கு இல்லை. அவனிடம் நல்ல முதுகு இருந்தது, என்னிடம் பேப்பர் இருந்தது. கட்டட வேலைக்கு வேண்டிய வெள்ளை அட்டையை அவன் கையில் கொடுத்தேன். அதில் இருந்தது என்னுடைய படம்.

"அண்ணை, படத்தைப் பாத்தாங்கள் எண்டால்?"

"மீசையை விடு. இவங்களுக்கு நானும் நீயும் ஒண்டுதான்."

அப்படித்தான் நடந்தது. எட்டு மாதம் அவன் தருமராசா என்ற என் பெயரில் வேலைக்குப் போனான். யாரும் கேட்கவில்லை. சம்பளம் என் கணக்கில் விழும். வரி போக, நாளுக்கு இருபது டொலர் எனக்கு. எங்கள் ஆட்கள் அதை "அட்டை வாடகை" என்பார்கள். மிச்சத்தை வெள்ளிக்கிழமை பின்னேரம் அவனிடம் எண்ணிக் கொடுப்பேன். முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததும் நான் ஹரிஸ் பார்க்கில் ஓர் இனிப்புக்கடையின் பின்பக்கத்தில் தட்டுக் கழுவப் போனேன். மகள் வினுஷாவுக்கு அப்போது ஏழு வயது. அப்பா ஸ்டேடியம் கட்டுகிறார் என்று அந்த முதல் நாலு நாளில் அவளுக்குச் சொல்லியிருந்தோம். பிறகு யாரும் திருத்திச் சொல்லவில்லை.

கடைசிப் பதினெட்டு நாள் சம்பளம், வேலை முடிந்த பிறகு மொத்தமாக வந்து விழுந்தது. அதே கிழமை வீட்டுக்காரன் வீட்டை விற்கப் போகிறேன் என்று எழும்பச் சொல்லிவிட்டான். அடுத்த வீட்டுக்கு முற்பணம் கட்ட வேண்டும். அந்தக் காசில் கையை வைத்தேன். ஒரு கிழமைக்குத்தான் என்று நினைத்தேன். சிவசோதி இரண்டு தரம் போன் எடுத்தான். "அடுத்த கிழமை தம்பி" என்றேன். மூன்றாம் தரம் நான் எடுக்கவில்லை. பிறகு அவன் மெல்பேர்ணுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. பத்து நாளில் போன் நம்பரையும் மாற்றினேன். மலிவான பிளான் என்று வீட்டில் சொன்னேன்.

இந்த டிசம்பரில் ஓர் ஈமெயில் வந்தது. வீட்டில் ஈமெயில் பார்ப்பது வினுஷாதான். மைதானத்தில் இது முதல் வருட ஆட்டங்கள். அதைக் கட்டிய ஒவ்வொருவரின் பெயரையும் ஒரு சுவரில் பொறித்திருக்கிறார்களாம். சனிக்கிழமை குடும்பத்தோடு வந்து பார்க்கலாம், ஆட்டம் இலவசம்.

"அப்பா! உங்கட பேர் வோலிலை இருக்கு!" என்று அவள் குசினிக்குள் ஓடி வந்தாள். வகுப்பில் சொல்லிவிட்டாள். ரீச்சர் வீடியோ எடுத்து வரச் சொன்னாராம்.

"முதுகு நோகுது பிள்ளை. இன்னொரு நாளைக்குப் போவம்."

"இருந்து பாக்கத்தானே அப்பா போறம்? உங்களை ஓடச் சொல்லேல்லையே."

மனைவி சட்டியில் கிளறியபடி என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாலு வசனம் போதும். பதினொரு வயதுப் பிள்ளை, விளங்கிக்கொள்வாள். நான் சேர்ட்டை அயர்ன் பண்ணினேன்.

பரமட்டாவில் இறங்கி ஆற்றுப் பக்கம் நடந்தோம். நான் மண்ணும் சேறுமாகப் பார்த்த இடம். ஒரு கார் நிறுத்துமிடமும், பலகை அடித்து மூடிய நாலைந்து கடைகளும்தான் அப்போது இருந்தன. இப்போது கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் ட்ராம், நடைபாதையில் குடை விரித்த கோப்பிக் கடைகள். ஆட்கள் நாயைக் கூட்டிக்கொண்டு வந்து கோப்பி குடிக்கிறார்கள். மைதானம் அதற்கு நடுவில் ஒரு பக்கம் திறந்த பெரிய கிண்ணம்போல நின்றது. வெயிலில் கதிரைகள் எல்லாம் பச்சை.

"எவ்வளவு பெரிசு," என்றாள் மனைவி. அவளும் இப்போதுதான் பார்க்கிறாள்.

வாசலில் ஒரு பிள்ளை பட்டியலில் என் பெயரைத் தேடி, கழுத்தில் மாட்ட அட்டை ஒன்று தந்தாள். THARUMARASA என்று கறுப்பில் பெரிதாக. என் பெயர்தான். ஆனால் கழுத்தில் விழுந்ததும் கடையில் விலைச்சீட்டுத் தொங்கவிட்ட சாமான்போல உணர்ந்தேன்.

சுவர் உள்ளே நடைவழியில் இருந்தது. நூற்றுக்கணக்கான பெயர்கள். குடும்பங்கள் கூட்டமாக நின்று விரலால் தடவித் தடவித் தேடின. ஒரு வயதான சீனாக்காரர் தன் பெயருக்குப் பக்கத்தில் நின்று நெஞ்சை நிமிர்த்திப் படம் எடுத்தார். வினுஷா என்னையும் அப்படி நிறுத்தினாள். போனில் வீடியோ ஓடத் தொடங்கியது.

"சொல்லுங்கோ அப்பா. நீங்கள் எந்தப் பக்கம் கட்டினனீங்கள்?"

நான் கையைத் தூக்கி ஏதோ ஒரு திசையைக் காட்டினேன். "அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்? படியா, கூரையா?"

"படி."

அது ஒரு விதத்தில் உண்மை. படிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருப்பதாக சிவசோதி வெள்ளிக்கிழமைகளில் சொல்வான். அவன் சொன்னதை எடுத்து நான் என் பிள்ளைக்குச் சொன்னேன். காசை எடுத்தது போதாதென்று இதையும்.

அப்போதுதான் பின்னால் இருந்து ஒரு பெரிய குரல் கேட்டது. என் கழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டு மலைபோல ஒரு மனிதர் வந்தார். தொங்காத் தீவுக்காரர். சியோனே என்று அவர் அட்டையில் இருந்தது. அந்த வேலையை மேற்பார்த்த போர்மன் என்று பிறகு விளங்கியது. நான் போன நாலு நாளும் அவர் அங்கே இல்லை. அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

"தருமாவா? நீ தருமா இல்லையே!" என்று சிரித்தார். "எங்கள் தருமா குள்ளம். லெமன் என்றுதான் கூப்பிடுவோம். அவன் எங்கே?"

வினுஷா இன்னும் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தபடி நின்றாள்.

அவர் என் மனைவிக்கும் பிள்ளைக்கும் கதை சொல்லத் தொடங்கினார். முதல் முதல் கொங்கிரீட் ஊற்றிய நாள், பம்ப் லொறி உள்ளே வரும்போது லெமன் ஓடிப்போய் ஊரில் புது வாகனத்துக்கு எலுமிச்சை வைப்பதுபோல, முன்சில்லுக்குக் கீழே ஒரு தேசிக்காயை வைத்தானாம். லொறிக்காரன் பிரேக் அடித்து, என்ன குண்டா என்று கத்தினானாம். எல்லோரும் சிரித்தார்களாம். லெமன் மட்டும் சிரிக்காமல், இதை நசித்துக்கொண்டு போனால்தான் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது என்று நின்றானாம். லொறி நசித்துக்கொண்டு போனது. எட்டு மாதம் அந்தப் பக்கத்துப் படியில் ஒருவனுக்கும் விரல்கூட நசியவில்லை. கடைசியில் கிரேன் ஓட்டுகிற ஐரிஷ்காரன்கூடக் காலையில் வந்து, "லெமன், எனக்கு ஒன்று" என்று கையை நீட்டுவானாம்.

"அந்தப் படிகளில் எனக்கு ஒரு பிழையும் திருத்த வேண்டி வரவில்லை," என்றார். "அவன் வந்திருக்கிறானா?"

"லெமன் என்ர தம்பி," என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "சுகமில்லை. வர ஏலாது."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று தெரியாது. வாயில் ஆயத்தமாக இருந்தது.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், பிறகு என் அட்டையைப் பார்த்தார். விளங்கியிருக்கும். இப்படி எத்தனை பேரை அவர் கண்டிருப்பார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "சியோனே கேட்டதாகச் சொல்" என்று போய்விட்டார்.

வினுஷா போனைக் கீழே இறக்கினாள். "அப்பா, உங்களுக்கு பிரதர் இல்லையே."

"வா, ஆட்டம் தொடங்கப் போகுது."

எங்கள் இடம் நூற்றுப் பதினாலாம் பகுதி. ஆட்டம் தொடங்கியது. ஒருவன் எறிய ஒருவன் அடிக்க, நாலு மூலைக்கும் ஓடினார்கள். "இது எங்கட ஊர் எல்லே விளையாட்டுத்தானே," என்றாள் மனைவி, யாராவது ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக. "பள்ளிக்கூடத்திலை நானும் அடிச்சனான். தடி மட்டும் இவ்வளவு வடிவில்லை." யாரும் சிரிக்கவில்லை. பிள்ளை ஆட்டத்தைப் பார்க்கவில்லை. தன் சப்பாத்துக்குக் கீழே இருந்த படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லெமன் எண்டது அந்த மாமாவா?" என்று கேட்டாள்.

"எந்த மாமா?"

"பழைய வீட்டுக்கு வந்தவர். நீங்கள் குசினிக்கை நிண்டுகொண்டு, அப்பா இல்லையெண்டு சொல்லு எண்டனீங்கள். நான்தான் போய்ச் சொன்னனான்."

நான் மறந்திருக்கவில்லை. அவள் மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். மெல்பேர்ணுக்குப் போவதற்கு முதல் நாள் பின்னேரம் அவன் வந்தான். நான் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். ஏழு வயதுப் பிள்ளையைக் கதவுக்கு அனுப்பினேன்.

"ஓம்," என்றேன். "அவர்தான்."

"ஏன் அப்படிச் சொல்லச் சொன்னனீங்கள்?"

எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, முதுகு, நாலு நாள், பதினெட்டு நாள், முற்பணம். பக்கத்தில் சனம் எழும்பி நின்று கத்தும்போது நிறுத்தி, அவர்கள் இருந்ததும் தொடர்ந்தேன். தொகையையும் சொன்னேன். மனைவி அதைக் கேட்டதும் கண்ணை மூடித் திறந்தாள்.

"கொஞ்சக் காசு எண்டனீங்கள்," என்றாள்.

பிள்ளை போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "நான் கிளாசுக்கு என்ன சொல்லுறது?" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அவனோட கதைக்க வேணும்," என்றேன். "நம்பர்தான் இல்லை."

"என்னட்டை இருக்கு," என்றாள் மனைவி.

"எப்பிடி?"

"அண்டைக்குக் கதவடியிலை, பிள்ளை சொன்ன பிறகு நான் வெளியில போனனான். தன்ர நம்பரை எழுதித் தந்துபோட்டுப் போனவன். நீங்கள் ஒரு நாளைக்குக் கேப்பீங்கள் எண்டு வைச்சிருந்தனான். நாலு வருசம்."

எழும்பி நடைவழிக்குப் போனோம். அவளுடைய போனில் வீடியோ கோல் எடுத்தேன். திரையில் அவள் படமும் பெயரும் விழுந்ததால் உடனே எடுத்துவிட்டான். தலையில் வலைத்தொப்பி, பின்னால் மரக்கறிப் பெட்டிகள். மீசை இல்லை.

"அக்கா, சொல்லுங்கோ... ஆர் இது?"

"நான் தருமராசா."

"எந்தத் தருமராசா? நானும் எட்டு மாசம் தருமராசாதான்."

"ஸ்டேடியத்திலை நிக்கிறன், சிவசோதி."

"நில்லுங்கோவன். படம் எடுத்து அனுப்பப் போறியளோ?"

"சியோனே உன்னைத் தேடினவர்."

அவன் முகம் ஒரு கணம் மாறியது. "அந்த மலையோ? என்ன கேட்டவர்?"

"லெமன் எங்கையெண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்ர தம்பி, சுகமில்லையெண்டு."

"ஓகோ. தம்பியெண்டால் சம்பளம் குடுக்கத் தேவையில்லைத்தானே." பெட்டியொன்றின் மேல் ஏறி இருந்தான். "பிடிபட்டவுடனை எடுக்கிறியளோ, இல்லாட்டி எடுக்க நினைச்சுத்தான் எடுக்கிறியளோ?"

பொய் சொல்ல இன்னும் ஓர் இடம் இருந்தது. "பிடிபட்டுத்தான்," என்றேன்.

வினுஷா என் கையிலிருந்து போனை வாங்கினாள். "மாமா, நான் வினுஷா. கதவைத் திறந்தது நான்தான். ஸொறி."

"நீ என்ன செய்வாய் அம்மா. நீதானே எனக்குத் தண்ணி கொண்டுவந்து தந்தனீ. தளம்பித் தளம்பி, பாதி நிலத்திலை." அவன் குரல் இளகியது. அவளோடு மட்டும். "இப்ப எங்க இருக்கிறியள்? எந்தப் பகுதி?"

"நூற்றிப் பதினாலு."

"என்ர இடம்! போனைத் திருப்பு, கீழை காட்டு."

அவள் போனை நீட்டியபடி படிகளில் இறங்கினாள். நான் பின்னால் நின்று கேட்டேன். மெதுவாய்ப் போ, அங்க நில், அந்த மூலையைக் காட்டு, ஓம், அந்த மூலையிலை மழை பெய்து நாங்கள் இரண்டு தரம் கட்டினது, என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். கதிரைகளில் இருந்தவர்கள் காலை ஒதுக்கி வழி விட்டார்கள். என் மகள் முகத்தில் காலையில் இருந்த ஆசை திரும்ப வந்திருந்தது. அது என்னைப் பார்த்து வந்ததல்ல.

திரும்பி வந்ததும் போனை என்னிடம் தந்தாள்.

"சுவரிலை பேரை மாத்தச் சொல்லிக் கேக்கட்டே?" என்று அவனிடம் கேட்டேன்.

"விசரே அண்ணை? மாத்தினால் ஏன் எதுக்கு எண்டு கேப்பாங்கள். எனக்குப் போன வருசம்தான் வேலை செய்ய விட்டவங்கள். உங்களுக்கும் இன்னும் நிரந்தர விசா வந்திராது. ரெண்டு பேரும் துலைஞ்சம். அது உங்கட பேராவே இருக்கட்டும்."

"மாமா, நான் கிளாசிலை என்ன சொல்ல?" என்று வினுஷா எட்டிக் கேட்டாள்.

"அப்பா நாலு நாள் கம்பி கட்டினவர் எண்டு சொல்லு. பொய் இல்லாமல் சொல்லக்கூடியது அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். என்னைப் பார்க்கவில்லை.

என் கணக்கில் நாலாயிரத்துச் சொச்சம் இருந்தது. பழைய கார் ஒன்று எடுக்க ஒன்றரை வருடமாகச் சேர்த்தது. மனைவியைப் பார்த்தேன். "கார் இல்லாட்டி என்ன, றெயின் ஓடுதுதானே," என்றாள்.

"இப்பவே போடுறன் சிவசோதி. முழுக்க. அட்டை வாடகையையும் சேர்த்து."

"அது வேண்டாம். அது பேசின காசு, நான் ஓமெண்டு சொன்னது. பேசாமல் எடுத்ததைத் தாங்கோ."

என் போனை எடுத்து அவன் சொன்ன வங்கிக் கணக்கு நம்பரை அழுத்தினேன். பிறகு தொகை: மூன்று, ஏழு, எட்டு, பூச்சியம். ஒரு தரம் பிழைத்தது, அழித்துவிட்டுத் திரும்ப அழுத்தினேன். விளக்கம் என்ற இடத்தில் ஏதாவது எழுது என்று போன் கேட்டது. என்ன எழுத? "சம்பளம்" என்று எழுதினேன்.

"போட்டிட்டன்."

அவன் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே யாரோ பந்தைத் தூக்கி அடித்திருக்க வேண்டும், மைதானம் முழுக்க இரைந்தது. அந்த இரைச்சல் அடங்கியதும் நான் சொன்னேன்.

"என்னை மன்னிச்சிடு தம்பி."

"அதை இப்ப கேக்காதேங்கோ அண்ணை," என்றான். "நீங்கள் எடுத்தால் நான் கதைப்பன். நானா உங்களுக்கு எடுக்கமாட்டன். பிள்ளைக்கு எடுப்பன்."

"சரி."

"அண்டைக்கு மெல்பேர்ண் பஸ்ஸுக்குக் காசில்லாமல்தான் உங்கட வீட்டை வந்தனான். கேக்க வெக்கமாய் இருந்தது. உங்களுக்குத் தெரியவேணும் எண்டு சொல்லுறன்."

அவன் போனில் ஏதோ சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தான். இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது உதட்டசைவில் தெரிந்தது.

"வந்திட்டுது. முழுக்க இருக்கு," என்றான். "சரி, மணி அடிச்சிட்டுது, நான் வேலைக்குப் போக வேணும். வைக்கிறன்."